நன்றி கெட்ட ஊரா விருதுநகர்?

ஆண்டுதோறும் ஜூலை 15ந் தேதி வந்துவிட்டால் எங்கள் ஊரில் மாலைகளுக்குப் பஞ்சமே இராது. எந்தக் கட்சிக் கொடியாக இருந்தாலும் சரி, கார்கள் அணிவகுத்து வரும். காமராஜர் சிலையின் கழுத்து மாலைகளில் மூழ்கும். மாலை போட்ட கையோடு ஒலிபெருக்கியைப் பிடிக்கும் பிரமுகர்கள் ஒரு வசனத்தை மட்டும் மறப்பதே இல்லை. பள்ளிக்கூடம் திறந்தவரை, பசித்த பிள்ளைக்குச் சோறு போட்டவரை, சொந்த ஊர்க்காரர்களே தோற்கடித்துவிட்டார்களாம். நன்றி கெட்ட ஊராம் இது. சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கார் ஏறுவார்கள்.

அரை நூற்றாண்டுக்கு மேலாக இந்த ஏச்சைக் கேட்டுக் கேட்டு எங்கள் காது புளித்துப் போயிற்று. என் வயதுக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டு கேட்கிறார்கள். பேரப் பிள்ளைகள், "அப்படியா தாத்தா செய்தீர்கள்?" என்று எங்களையே கேட்கிறார்கள்.

நான் தலை குனியத் தயாராயில்லை. 1967 பிப்ரவரியில், அந்த இரவில், விருதுநகர் வீதியில் நின்றவன் நான். அப்போது எனக்குப் பதினொரு வயது. ஓட்டு இல்லை, ஆனால் கண் இருந்தது, காது இருந்தது. பார்த்ததைச் சொல்கிறேன். சொல்லிவிட்டுக் கேட்கிறேன்: யார் நன்றி கெட்டவர்கள்?

அந்த இரவு

எங்கள் அய்யா பஜாரில் மூட்டை தூக்கினார். பருப்பு மூட்டை, மிளகாய் வத்தல் மூட்டை, எண்ணெய் டின். விருதுநகர் வியாபாரிகள் காலையில் என்ன விலை சொல்லுகிறார்களோ, அதுதான் சுற்று வட்டாரத்துக்கெல்லாம் விலை. அந்த விலையைச் சுமந்து இறக்கியவர் என் அய்யா. அந்த விலைக்கு வாங்க முடியாதவரும் அவரே. அம்மா வீட்டிலிருந்தபடி தீப்பெட்டி ஒட்டினாள். குரோஸ் கணக்குக்குக் கூலி. பசை காய்ந்த விரல்களோடுதான் அவள் எனக்குச் சோறு பிசைந்து போடுவாள், சோறு இருக்கிற நாளில்.

ஓட்டு எண்ணிக்கை நடந்த அன்று யாரும் வேலைக்கு மனம் வைக்கவில்லை. டீக்கடை ரேடியோவைச் சுற்றி ஈ மொய்த்ததுபோல் கூட்டம். முதன்மந்திரி பக்தவத்சலம் தோற்றார் என்றார்கள். கோபிச்செட்டிபாளையத்தில் மத்திய மந்திரி சி. சுப்பிரமணியம் தோற்றார் என்றார்கள். மந்திரிகள் ஒருவர் பின் ஒருவராகச் சாய்ந்த செய்தி வந்துகொண்டே இருந்தது. ஆனால் எங்கள் ஊர்ச் செய்தியை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்லத் துணியவில்லை. அகில இந்தியக் காங்கிரசின் தலைவர்! இரண்டு பிரதம மந்திரிகளைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவர்! அவரை எதிர்த்து நின்றதோ இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் முன்னின்ற மாணவர் தலைவர், 28 வயது இளைஞர் பெ. சீனிவாசன். இதென்ன போட்டியா, விளையாட்டா என்று ஏளனம் பேசியவர்கள் உண்டு. விபத்தில் அடிபட்டுக் கிடந்த காமராஜர், படுத்துக்கொண்டே ஜெயிப்பேன் என்று சொன்னதாக ஊரெல்லாம் பேச்சு உலவியது.

கடைசியில் செய்தி வந்தது. சீனிவாசன் 33,421. காமராஜர் 32,136. வித்தியாசம் 1,285.

ஒரு கணம் பஜார் மூச்சுப் பிடித்து நின்றது. அப்புறம் வெடித்தது பாருங்கள்! எந்தச் சந்திலிருந்து வந்தது என்று தெரியாது, சரவெடிகள் வரிசை வரிசையாய் வெடித்தன. சிவகாசிதான் கூப்பிடு தூரத்தில் இருக்கிறதே, பட்டாசுக்கா பஞ்சம்? பங்குனிப் பொங்கலுக்கு வாங்கி வைத்த வெடிகளையும் எடுத்துக் கொளுத்திவிட்டார்கள். கல்லூரிப் பிள்ளைகள் தோளில் கை போட்டு ஆடினார்கள். வண்டிக்காரர்கள், மூட்டை தூக்குவோர், தீப்பெட்டி ஆபீசில் வேலை முடிந்து வந்த பெண்கள், கடைச் சிப்பந்திகள் எல்லாரும் வீதிக்கு வந்துவிட்டார்கள். முன்பின் தெரியாத ஒருவர் என் டவுசர் பை நிறையச் சேவைக் கொட்டினார். புகையில் கண் எரிந்தது. ஆனால் வீட்டுக்குப் போக மனம் வரவில்லை.

அந்தக் கூட்டத்தில் நான் பார்த்த முகங்கள் பகைவனைக் கொன்று தீர்த்த முகங்களாக இல்லை. முதல் தடவையாகத் தன் கையின் பலத்தைத் தானே அறிந்துகொண்டவனுக்கு ஒரு திகைப்பு வருமே, அந்தத் திகைப்புத்தான் அந்த முகங்களில் இருந்தது. நம் ஓட்டுக்கு இவ்வளவு வலுவா? நாம் குத்திய முத்திரை டில்லி வரைக்கும் கேட்குமா?

வீட்டுக்குத் திரும்பினேன். அய்யா திண்ணையில் சாய்ந்து கிடந்தார். சாப்பிடவில்லை. அவர் இரட்டைக் காளைக்குப் போட்டவர். தெருவெல்லாம் வெடிக்க வெடிக்க அவருக்கு நெஞ்சில் இடித்தது. அம்மா பெட்டி ஒட்டிக்கொண்டே சொன்னாள்:

"நான் சூரியனுக்குத்தான் குத்துனேன்."

அய்யா எழுந்து உட்கார்ந்துவிட்டார். "அடிப்பாவி! ஒம்புள்ளைக்கு மத்தியானச் சோறு போட்டவருடி அவரு!"

"அதுக்கு அவரக் கையெடுத்துக் கும்புட்டுக்கிடுதேன். ராத்திரிச் சோத்துக்கு அரிசி எங்க? அதையும் கேக்கத்தான வேணும்?"

"ஒனக்கு யாரு இதெல்லாம் சொல்லிக் குடுத்தது?"

"யாரும் சொல்லிக் குடுக்கல. உலைப்பானை சொல்லுச்சு."

அய்யா பதில் பேசவில்லை. வாசகர்களே, என் கட்டுரையின் சாரம் முழுவதும் அந்த நாலு வரியில் அடங்கிவிட்டது. மீதி எல்லாம் அதற்கு விளக்கம்தான்.

ஓட்டு என்ன, மொய்ப் பணமா?

காமராஜர் நல்லது செய்தார். மறுப்பவன் மூடன். குடும்ப வறுமையால் பாதியில் படிப்பை விட்ட அந்த மனிதர், முதன்மந்திரியானதும் மூலை முடுக்கெல்லாம் பள்ளிக்கூடம் திறந்தார். 1956ல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். நான் எழுத்துக் கூட்டிப் படித்ததே அந்தச் சோற்றின் தயவில். 1975 அக்டோபர் 2ந் தேதி அவர் கண் மூடியபோது சொத்து என்று சொல்ல அவரிடம் ஒன்றும் இல்லை. கறைபடாத கை அவருடையது. இன்று அவர் சிலைக்கு மாலை போடுகிற கைகளில் எத்தனைக்கு அப்படிச் சொல்ல முடியும்?

ஆனால் கேள்வி அதுவல்ல. ஓட்டு என்பது கலியாண வீட்டு மொய்யா? நீ எனக்குச் செய்தாய், நான் உனக்குத் திருப்பிச் செய்கிறேன் என்று நோட்டில் எழுதி வைத்துக் கணக்குத் தீர்க்கிற சமாச்சாரமா? ராஜாவின் தயவுக்குக் குடிகள் நன்றி சொல்லலாம். ஜனங்களின் வரிப் பணத்தை எடுத்து ஜனங்களின் பிள்ளைகளுக்குச் சோறு போடுவது சர்க்காரின் கடமை. கடமையைச் செய்தவரைப் பாராட்டுவோம். அதற்காக அடுத்த குற்றத்தைக் கேட்கும் உரிமையை அடகு வைக்க முடியாது.

அந்தக் குற்றங்கள் கொஞ்சமா? 1965ல் இந்தித் திணிப்பை எதிர்த்து மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். பக்தவத்சலம் சர்க்கார் துப்பாக்கியால் பதில் சொன்னது. தமிழகமெங்கும் பிணங்கள் விழுந்தன. அப்போது அகில இந்தியக் காங்கிரசுக்குத் தலைவர் யார்? எங்கள் ஊர்க்காரர்தான். 1966 ஜூன் 6ந் தேதி ரூபாயின் மதிப்பை வெட்டினார்கள். அதுவரை ஓர் அமெரிக்க டாலருக்கு 4 ரூபாய் 76 காசு. ஒரே இரவில் 7 ரூபாய் 50 காசு ஆயிற்று. அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்து நாடே வாய் பிளந்து நின்றது. அரிசிக் கடையில் கியூ. கியூவின் கடைசியில் வெறும் கோணி. காமராஜரை "அண்ணாச்சி" என்று கூப்பிட்டுப் பருப்பு விலை என்னவாயிற்று என்று எதுகையோடு கேட்ட கோஷம் மாநிலமெல்லாம் ஒலித்தது. பருப்புச் சந்தையான விருதுநகரில் அந்தக் கேள்வி எப்படிச் சுட்டிருக்கும் என்பதை யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று. விருதுநகர்தான் நன்றி கெட்ட ஊர் என்றால், எஸ். கே. பாட்டீலைத் தோற்கடித்த பம்பாய் என்ன ஊர்? அதுல்ய கோஷைத் தோற்கடித்த வங்காளம் என்ன நாடு? கேரளம், வங்காளம், பீகார், ஒரிசா, பஞ்சாப் என்று மாநிலத்துக்கு மாநிலம் காங்கிரஸ் பெரும்பான்மையை இழந்தது. பாராளுமன்றத்தில் 520 இடங்களில் 283 மட்டுமே மிஞ்சின. இந்தியா முழுவதும் ஒரே நாளில் நன்றி கெட்டுப் போய்விட்டதா? ஜனங்கள் இருபது வருஷம் பொறுத்தார்கள். பிறகு கணக்குக் கேட்டார்கள். அவ்வளவுதான் நடந்தது.

தமிழகத்தின் கணக்கையும் பார்த்துவிடுவோம். சட்டசபையில் தி.மு.க.வுக்கு 137 இடங்கள், காங்கிரசுக்கு 51. ஆனால் ஓட்டு? காங்கிரசுக்கு 41.10 சதவிகிதம், தி.மு.க.வுக்கு 40.69 சதவிகிதம். தனிக் கட்சி என்று பார்த்தால் அன்றும் அதிக ஓட்டு வாங்கியது காங்கிரசே! எதிர்க்கட்சிகள் ஓட்டைச் சிதறவிடாமல் கை கோத்து நின்றதால் இடங்கள் மாறின. விருதுநகரில் 643 பேர் முத்திரையை மாற்றிக் குத்தியிருந்தால் காமராஜர் ஜெயித்திருப்பார். ஆகவே, "ஊரே திரண்டு துரோகம் செய்தது" என்பது பச்சைப் புளுகு. என் அய்யா ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம் என்று ஊரும் வீடும் பாதிக்குப் பாதியாகப் பிரிந்து யோசித்து எடுத்த முடிவு அது. யோசிக்கிற ஜனங்களைக் கண்டால்தான் பிரமுகர்களுக்கு ஆகாதே!

76 நாள் காத்திருந்த கிழவர்

எங்கள் ஊருக்கு நன்றியைப் பற்றிப் பாடம் சொல்லுகிறவர்கள் இன்னொரு பெயரை மட்டும் மெல்லிய குரலில் சொல்லுவார்கள், சொல்லாமலும் போவார்கள். அந்தப் பெயர் சங்கரலிங்கனார்.

சென்னை ராஜ்யத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்க வேண்டும் என்பதை உள்ளிட்ட 12 கோரிக்கைகளை முன்வைத்து, 1956 ஜூலை 27ந் தேதி இந்த விருதுநகரில் அந்தக் காந்தியவாதி உண்ணாவிரதம் தொடங்கினார். வயது அறுபதைத் தாண்டிய உடம்பு. ஒரு வாரம், ஒரு மாதம், இரண்டு மாதம். உடம்பு நாளுக்கு நாள் வற்றியது. சென்னைக் கோட்டையில் முதன்மந்திரி நாற்காலியில் இருந்தவர் அதே விருதுநகரில் பிறந்த காமராஜர். சர்க்கார் இறங்கி வரவில்லை. அக்டோபர் 13ந் தேதி, மதுரை ஆஸ்பத்திரியில் கிழவரின் உயிர் பிரிந்தது.

காங்கிரசிலேயே வாழ்ந்த அந்தத் தியாகி, தன் உடலைக் கம்யூனிஸ்டுக் கட்சியிடம் ஒப்படைக்கச் சொல்லிவிட்டுப் போனார். நம் தோழர்கள்தான் அந்த உடலைப் பெற்று மதுரையில் இறுதிக் கடன் செய்தார்கள். 1961ல் ராஜ்ய சபையில் பெயர் மாற்ற மசோதாவைக் கொண்டு வந்தவரும் வங்காளத்துக் கம்யூனிஸ்டு பூபேஷ் குப்தாதான். அன்று ஆளும் கட்சி அதைத் தோற்கடித்தது.

1967ல் என்ன நடந்தது? எங்கள் ஊர் ஓட்டுப் போட்டு ஐந்து மாதம் ஆகவில்லை. ஜூலை 18ந் தேதி, தமிழ்நாடு என்று பெயர் மாற்றும் தீர்மானம் சட்டசபையில் நிறைவேறியது. 1969 ஜனவரி 14ந் தேதி அது அமலுக்கு வந்தது. பதினொரு வருஷத்துக்கு முன் ஒரு கிழவர் உயிரைக் கொடுத்துக் கேட்டதை, 1967ல் ஜனங்கள் ஓட்டைக் கொடுத்து வாங்கினார்கள். இது நன்றி கெட்ட செயலா? நன்றிக் கடன் தீர்த்த செயல் என்று நான் சொல்கிறேன்.

வெடித்தவனும் பின்னியவளும்

இதோடு நிறுத்திவிட்டால், வெற்றிப் பக்கத்துக்காரர்கள் என்னைத் தூக்கி வைத்துக் கொண்டாடுவார்கள். ஆனால் அந்த இரவில் நான் பார்த்த இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது.

சரவெடி ஓய்ந்த இடத்தில் பையன்கள் நாங்கள் வெடிக்காத வெடி பொறுக்கிக்கொண்டிருந்தோம். ஒரு பெரியவர் வந்து எங்களை அதட்டி விலக்கினார். சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆபீசில் வேலை பார்த்தவர். வலது கையில் இரண்டு விரல் இல்லை. அவரும் சந்தோஷமாகத்தான் இருந்தார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார்:

"ஏலே, இந்தச் சரத்தப் பின்னுனவளுக்கு என்ன கூலின்னு தெரியுமா? இன்னைக்கு ஜெயிச்சவங்களுக்குத் தெரியுமா? நாளைக்கு விடிஞ்சதும் இதப் போயி யாரு கேக்கப் போறா?"

எங்களுக்கு விளங்கவில்லை. எழுபது வயதில் விளங்குகிறது.

அன்று அமைந்த கூட்டணியைப் பாருங்கள். ஒரு புறம் உதயசூரியன். அதன் பக்கத்தில் ராஜாஜியின் சுதந்திராக் கட்சி, அதாவது மில் முதலாளிகளும் மிராசுதார்களும் நம்பிய கட்சி. அதே அணியில் மார்க்சிஸ்டுகள். இந்தியக் கம்யூனிஸ்டுக் கட்சியோ அணிக்கு வெளியே. 1964ல் பிளவுபட்ட நாம் ஆளுக்கொரு திசையில் நின்றோம். 11 இடம் ஒருவருக்கு, 2 இடம் மற்றவருக்கு. மதுரைப் பாராளுமன்றத் தொகுதியில் தோழர் பி. ராமமூர்த்தி வென்றார் என்று மகிழ்ந்தோம். தீப்பெட்டியும் பட்டாசும் விளையும் சிவகாசித் தொகுதி யாருக்குப் போயிற்று? சுதந்திராக் கட்சிக்கு! உழைப்பவர்கள் வெடி வெடித்தார்கள். உழைப்பவர்களின் தொகுதியைப் பணக்காரர்களின் கட்சி எடுத்துக்கொண்டது. இதற்குப் பொறுப்பாளிகளில் நாமும் உண்டு என்பதை மறைக்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்றார்கள். ஒரு படித் திட்டம் சென்னையிலும் கோவையிலும் தொடங்கியது. மாநிலம் முழுவதற்கும் அது வந்து சேரவில்லை. என் அம்மாவின் உலைப்பானை தன் கேள்வியை நிறுத்தவில்லை.

அதைவிடக் கொடியது அடுத்த வருஷம் நடந்தது. 1968 டிசம்பர் 25ந் தேதி இரவு, தஞ்சை ஜில்லா கீழ்வெண்மணியில், கூலியாகக் கொஞ்சம் நெல் கூடுதலாகக் கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும்! ஆட்சி மாறியிருந்தது, பண்ணையாரின் கை மாறவில்லை. 1973ல் மிராசுதார்களை உயர்நீதி மன்றம் விடுவித்தது. 1967ல் ஓட்டுப் பெட்டியில் தோற்ற காங்கிரசைப் பற்றி இன்றும் அழுகிறவர்கள், அந்த 44 பேரைப் பற்றி அழுது பார்த்திருக்கிறீர்களா?

கோட்டையில் கொடி மாறுவது ஒரு இரவில் நடக்கும். கூலி கொடுக்கிறவன் மாறாதவரை, நிலம் கை மாறாதவரை, வெற்றி பாதி வெற்றிதான். அந்த விரலில்லாத பெரியவர் சிரித்துக்கொண்டே எங்களிடம் சொன்னது இதைத்தான்.

ஓட்டுக்கும் எண்ணிக்கைக்கும் நடுவே பத்துப் பிணம்

பழைய கதையை விட்டுவிடுவோம். இந்த நாளுக்கு வருவோம்.

1920களில் கல்கத்தா போய்த் தொழில் கற்று வந்தவர்கள் சிவகாசியில் தீப்பெட்டி ஆபீசுகளைத் தொடங்கினார்கள். பிறகு பட்டாசு வந்தது, அச்சகம் வந்தது. "குட்டி ஜப்பான்" என்று பட்டம் சூட்டினார்கள். வானம் பார்த்த கரிசல் காட்டில் மழை பொய்த்தால் போக்கிடம் இல்லாத சம்சாரிகளும் கூலிகளும் அந்த ஆபீசுகளுக்குப் போனார்கள். பிள்ளைகளும் போனார்கள். விடியுமுன் ஆபீஸ் பஸ் கிராமத்துக்கு வரும். தூக்கக் கலக்கத்தில் பிஞ்சுகள் ஏறும். காமராஜர் திறந்த பள்ளிக்கூடம் அதே கிராமத்தில் ஆளில்லாமல் நிற்கும். அவர் பெயரைச் சொல்லி ஓட்டுக் கேட்ட எந்தக் கட்சி அந்த பஸ்ஸை மறித்தது? 1986ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. அதற்குப் பத்து வருஷம் கழித்து, 1996 டிசம்பர் 10ந் தேதி, சிவகாசியை முன்னிட்டே சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது: குழந்தையை வேலைக்கு வைத்த முதலாளி தலைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று. கோர்ட்டு படியேறித்தான் ஒரு குழந்தைக்கு நியாயம் கேட்க வேண்டியிருந்தது!

பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பினார்கள், நல்லதுதான். தாய்மார்கள் ஆபீசிலேயே இருக்கிறார்கள். 2012 செப்டம்பர் 5ந் தேதி முதலிப்பட்டியில் வெடித்தபோது நாற்பது பேர் அளவில் கருகினார்கள். காப்பாற்ற ஓடியவர்களும் அதில் மாண்டார்கள். 2021 பிப்ரவரி 12ந் தேதி சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் இருபதுக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. 2024 மே 9ந் தேதி செங்கமலப்பட்டியில் பத்துப் பேர்.

அந்தத் தேதியைக் கவனியுங்கள். 2024 ஏப்ரல் 19ந் தேதி தமிழ்நாடு ஓட்டுப் போட்டது. ஜூன் 4ந் தேதி எண்ணினார்கள். இரண்டுக்கும் நடுவே, ஓட்டுப் பெட்டிகள் பூட்டிக் கிடந்த நாளில், பத்துப் பேர் செத்தார்கள். விரலில் வைத்த மை அழிந்திருக்காது. விருதுநகர்த் தொகுதியில் வெற்றி வித்தியாசம் 4,379 ஓட்டு. மறுபடியும் நூலிழை! எண்ணிக்கை நாளில் நாடெங்கும் வெற்றி வெடிகள் வெடித்தன. அந்த வெடிகளில் பெரும்பகுதி இந்தக் கந்தக பூமியில் செய்தவை.

இந்தச் சாவுகளை "விபத்து" என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். விபத்தா? ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்பது விதி. நாலு பேர் அறையில் எட்டுப் பேரை உட்கார வைத்தது இடியா, மின்னலா? உரிமம் ஒருவர் பெயரில்; அறை அறையாகப் பிரித்து உள்குத்தகைக்கு விடுவது வேறு ஆட்களுக்கு. குத்தகை எடுத்தவன் போட்ட பணத்தைத் தீபாவளிக்குள் எடுத்தாக வேண்டும். அதனால் அவசரம், அவசரத்தால் உராய்வு, உராய்வால் நெருப்பு. வேலை செய்தவர்களின் பெயர் பதிவேட்டில் உண்டா? பல இடங்களில் இல்லை. செத்த பிறகுதான் அந்தப் பெண் அங்கே வேலை பார்த்தாள் என்பதே உலகுக்குத் தெரிகிறது. பிறகு மந்திரி வருவார், எம்.பி. வருவார், நிவாரணத் தொகை அறிவிப்பார்கள், படம் பிடிப்பார்கள். அடுத்த வெடி வரை அமைதி.

2018 அக்டோபர் 23ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு சரவெடிக்கும் பேரியம் உப்புக்கும் தடை போட்டது. டில்லிக்காரர்களின் நெஞ்சு காக்கப்பட வேண்டியதே. ஆனால் ஆபீசுகள் பல மாதம் மூடிக் கிடந்தபோது, சரம் பின்னியவளின் அடுப்பை யார் காத்தார்கள்? புகையை அளக்கக் கருவி வைத்திருக்கிற சர்க்கார், பசியை அளக்க என்ன வைத்திருக்கிறது?

காசுக்கு விற்ற ஓட்டும் கணக்குக் கேட்ட ஓட்டும்

"எல்லாக் கட்சியும் ஒன்றுதான், ஓட்டுப் போட்டு என்ன கண்டோம்?" என்று சலித்துக்கொள்கிற இளைஞர்களைப் பார்க்கிறேன். அந்தச் சலிப்பும் முதலாளிக்குத்தான் லாபம். சலித்தவனிடம்தான் நோட்டை நீட்ட முடியும். எங்கள் பக்கத்து ஊரான திருமங்கலத்தில் 2009 ஜனவரியில் நடந்த இடைத்தேர்தல், ஓட்டுக்குப் பணம் கொடுக்கும் கலைக்கே பெயர் சூட்டிவிட்டது! 1967ல் என் அம்மாவுக்கு யாரும் கவர் கொடுக்கவில்லை. அவள் சூரியனுக்குப் போட்டாள், அய்யா காளைக்குப் போட்டார். இரண்டுமே அவரவர் புத்தியால் போட்டவை. அதனால்தான் 1,285 என்ற சின்ன எண்ணுக்கு அவ்வளவு பெரிய சத்தம்.

அன்று எதிரெதிரே நின்ற காளையும் சூரியனும் பிற்காலத்தில் எத்தனையோ தடவை ஒரே மேடையில் கை கோத்தன. 2024ல் அதே கூட்டணியில் செங்கொடிகளும் நின்றன. மதவெறியை எதிர்க்கக் கூட்டுச் சேர வேண்டிய அவசியம் உண்டு. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் மேடையில் கை கோக்கும்போது, பட்டாசு ஆபீசின் உள்குத்தகையைப் பற்றி வாய் மூடிக்கொள்ள வேண்டும் என்று எந்த ஒப்பந்தமும் இல்லை. கூட்டாளியிடமும் கணக்குக் கேட்கலாம். மகனுக்குச் சோறு போட்டவரிடமே கேட்டவள் என் தாய்!

ஆகவே, அடுத்த ஜூலை 15ந் தேதி மாலையோடு வரப்போகும் பெரியோர்களுக்குச் சொல்கிறோம். எங்களை நன்றி கெட்டவர்கள் என்று ஏசுவதை நிறுத்துங்கள். காமராஜரிடம் உங்களுக்கு மெய்யாகவே பக்தி இருந்தால், சிலையிலிருந்து இறங்கி ஒரு பட்டாசு ஆபீசுக்குப் போங்கள். உள்குத்தகையை ஒழியுங்கள். வேலை செய்கிற ஒவ்வொருவர் பெயரையும் பதிவேட்டில் ஏற்றச் செய்யுங்கள். நாலு பேர் அறையில் நாலு பேர்தான் என்பதை ஆண்டு முழுவதும் சோதித்துப் பாருங்கள். தீக்காயத்துக்கு மதுரைக்கு ஓடாமல் உள்ளூரிலேயே உயிர் காக்கும் வைத்தியம் கிடைக்கச் செய்யுங்கள். ஆபீஸ் மூடும் நாளுக்குப் பிழைப்பூதியம் கொடுங்கள். அதுதான் மாலை.

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, விருதுநகர்ப் பகுதித் தொழிலாளத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. 643 பேர் மனம் மாறியிருந்தால் நாட்டின் சரித்திரம் மாறியிருக்கும் என்பதை இந்த மண் ஒரு தடவை காட்டியிருக்கிறது. திரி பின்னுகிற கைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. சங்கத்தில் சேருங்கள். ஓட்டுக் கேட்டு வருகிறவன் எவனானாலும், எந்தக் கொடியானாலும், அந்தப் பெரியவர் கேட்ட கேள்வியை அவன் முன் வையுங்கள்: சரத்தைப் பின்னியவளுக்கு என்ன கூலி? அவள் உயிருக்கு என்ன உத்தரவாதம்?

பதில் சொன்னவனுக்கு ஓட்டுப் போடுங்கள். வெற்றி இரவில் வெடி வெடியுங்கள், ஆடுங்கள், தப்பில்லை. ஆனால் விடிந்ததும் கணக்கைக் கேட்க அதே வீதிக்கு வந்து சேருங்கள். 1967ல் நாங்கள் செய்யத் தவறியது அது ஒன்றுதான்.